கடனும் நன்றியும்: செராம்பூரில் வில்லியம் கேரி வாழ்ந்த வாழ்க்கை

கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்துள்ளது செராம்பூர். அவ்வூரின் பழைய கல்லறைத் தோட்டத்தில், இங்கிலாந்திலிருந்து வந்து 41 ஆண்டுகள் வங்கத்திலேயே வாழ்ந்து, ஒருமுறைகூடத் தாயகம் திரும்பாமல் 1834 ஜூன் 9 அன்று மறைந்த வில்லியம் கேரியின் உடல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. மதப்பணியாளர், மொழிபெயர்ப்பாளர், அச்சுத்தொழில் முன்னோடி, தாவரவியல் ஆர்வலர், பேராசிரியர் எனப் பல முகங்கள் கொண்டவர் அவர்.

அவரது சாதனைகளின் பட்டியல் நீளமானது. ஆனால் அந்தப் பட்டியலுக்குப் பின்னால், பிறர் செய்த உதவியாலேயே ஒவ்வொரு நாளையும் கடந்த ஒரு குடும்பத்தின் கதை உள்ளது. தாம் பெற்ற உதவிகளில் சிலவற்றைக் கேரி திருப்பிச் செலுத்தினார். சிலவற்றைச் செலுத்த அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

காலணி தைத்த கைகள்

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் பகுதியில் உள்ள பாலர்ஸ்பரி என்னும் சிற்றூரில் 1761 ஆகஸ்ட் 17 அன்று கேரி பிறந்தார். தந்தை எட்மண்ட் நெசவாளர். பின்னர் அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியரானவர். வெயில் பட்டால் தோல் பாதிக்கப்படும் உடல்நிலை சிறுவன் கேரிக்கு இருந்ததால், வயல் வேலைக்கு அனுப்பாமல் காலணி தைக்கும் தொழிலில் அவரைச் சேர்த்தனர். தோலை வெட்டித் தைத்துக்கொண்டே லத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளைப் பெரும்பாலும் தாமாகவே கற்றார். வேலை செய்யும் இடத்துச் சுவரில், காகிதத் தாள்களை ஒட்டித் தாமே வரைந்த பெரிய உலக வரைபடத்தை மாட்டி, ஒவ்வொரு நாட்டின் மீதும் அதன் மக்களைப் பற்றித் தாம் படித்தறிந்த செய்திகளை எழுதி வைத்திருந்தார்.

1781-இல் டாரத்தி பிளாக்கெட் என்னும் பெண்ணை மணந்தார். கணவரைவிட வயதில் மூத்தவரான டாரத்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திருமணப் பதிவேட்டில் கையொப்பத்துக்குப் பதிலாகக் குறி ஒன்றையே இட்டார். அவர்களின் முதல் குழந்தை சிறு வயதிலேயே இறந்தது. காலணித் தொழிலிலும் பள்ளி ஆசிரியர் பணியிலும் கிடைத்த சொற்ப வருவாயில் குடும்பம் நடந்தது. இதற்கிடையே கேரி பாப்டிஸ்ட் சபையின் போதகரானார்.

பிற நாடுகளுக்குச் சென்று கிறிஸ்தவ சமயத்தைப் பரப்ப வேண்டியது தம் சபையினரின் கடமை என்று வலியுறுத்தும் நூலொன்றை 1792-இல் அவர் வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று கெட்டரிங் நகரில், கைம்பெண் ஒருவரின் வீட்டு அறையில் சிலர் கூடி ஒரு சங்கத்தைத் தொடங்கினர். அன்று அவர்கள் தருவதாக வாக்களித்த தொகை 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ். அங்கிருந்தவர்களில் எவரும் செல்வர் அல்லர். அந்தச் சங்கத்தின் செயலாளரான ஆண்ட்ரூ ஃபுல்லர், 1815-இல் இறக்கும் வரை ஊர் ஊராகச் சென்று இந்தியப் பணிக்கு நன்கொடை திரட்டினார். இந்தியாவை அவர் ஒருபோதும் கண்டதில்லை.

விருப்பமின்றித் தொடங்கிய பயணம்

இந்தியாவுக்குச் செல்ல டாரத்தி முதலில் மறுத்துவிட்டார். அவர் கருவுற்றிருந்தார்; கடலையே பார்த்திராதவர். எனவே மூத்த மகன் ஃபீலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு, முன்பு வங்கத்தில் பணியாற்றிய மருத்துவர் ஜான் தாமசுடன் கேரி புறப்பட்டார். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லாத பயணிகள் என்பதால் அவர்கள் அந்தக் கப்பலில் செல்ல இயலவில்லை. அதனால் ஏற்பட்ட காலதாமதத்தில் குழந்தை ஜேபஸ் பிறந்திருந்தான். தாமஸ் மீண்டும் சென்று வற்புறுத்தவே, தங்கை கேத்தரின் உடன் வந்தால் தானும் வருவதாக டாரத்தி இசைந்தார். 1793 ஜூன் 13 அன்று டோவர் துறைமுகத்திலிருந்து டென்மார்க் நாட்டுக் கப்பலொன்றில் அனைவரும் புறப்பட்டனர். ஐந்து மாதக் கடற்பயணத்துக்குப் பின்னர் நவம்பரில் வங்கத்தை அடைந்தனர்.

கையில் கொண்டுவந்த பணம் சில வாரங்களிலேயே கரைந்தது. தாமசின் பழைய கடன்காரர்கள் அவரைத் தேடிவந்தனர். கொல்கத்தாவில் வாடகை கொடுக்க வழியில்லாமல், நான்கு பிள்ளைகளோடும் நோயுற்ற மனைவியோடும் கேரி திகைத்து நின்ற வேளையில் உதவிக்கு வந்தவர் நீலு தத்தா என்னும் வங்காளிச் செல்வர். மாணிக்தலா பகுதியில் தமக்கிருந்த சிறிய தோட்ட வீட்டில் அக்குடும்பம் தங்குவதற்கு அவர் இடமளித்தார். சமயத்தாலும் மொழியாலும் வேறுபட்ட ஒருவர் செய்த அந்த உதவியைக் கேரி மறக்கவே இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்த பின்னர் இருவரின் நிலையும் தலைகீழாக மாறியது. அப்போது வறுமையுற்றிருந்த நீலு தத்தா கவலையின்றி வாழும் வகையில் கேரி அவருக்கு வேலை ஏற்பாடு செய்தார்.

1794 தொடக்கத்தில் சுந்தரவனப் பகுதியிலுள்ள தேப்ஹாட்டாவுக்குக் குடும்பம் படகில் சென்றது. வழித்துணையாக மொழியாசிரியர் ராம்ராம் பாசு இருந்தார். அங்கு கம்பெனியின் உப்புத் துறை அதிகாரியான சார்லஸ் ஷார்ட், முன்பின் அறியாத அக்குடும்பத்தினர் அனைவரையும் தம் வீட்டில் தங்கவைத்து உணவளித்தார். கேரியின் சமயக் கருத்துகளில் அவருக்கு ஈடுபாடு இருக்கவில்லை; எனினும் விருந்தோம்பலில் குறை வைக்கவில்லை. பின்னாளில் டாரத்தியின் தங்கை கேத்தரினை அவரே மணந்துகொண்டார்.

ஒரு குழந்தையின் கல்லறை

சில மாதங்களில், வணிகர் ஜார்ஜ் உட்னி வட வங்கத்தின் முத்னாபாட்டியில் இருந்த தம் அவுரித் தொழிற்சாலையை மேற்பார்வையிடும் வேலையைக் கேரிக்கு வழங்கினார். நிலையான ஊதியம் கிடைத்ததும், இனித் தமக்குப் பணம் அனுப்ப வேண்டாம், அதை வேறொரு நாட்டின் பணிக்குப் பயன்படுத்துங்கள் என்று இங்கிலாந்துச் சங்கத்துக்கு அவர் எழுதினார். தமக்கென அவர் கேட்டவை உழவுக் கருவிகளும் விதைகளும் மட்டுமே.

ஆனால் சதுப்பு நிலமும் காய்ச்சலும் சூழ்ந்த அந்த ஊர் குடும்பத்தின் மீது இரக்கம் காட்டவில்லை. 1794 இலையுதிர் காலத்தில், ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுப்போக்கால் இறந்தான். பிணத்தைத் தொட்டால் சாதி போய்விடும் என்ற அச்சத்தால், குழி தோண்டவும் உடலைச் சுமக்கவும் ஆட்கள் முன்வரவில்லை. காய்ச்சலால் தளர்ந்திருந்த தந்தை ஒவ்வொருவராகக் கெஞ்ச வேண்டியிருந்தது. இறுதியில் முஸ்லிம்கள் நால்வர் குழி தோண்டினர். அதற்காக அவர்கள் ஊராரின் கண்டனத்துக்கும் ஆளாயினர். அவர்களின் பெயர்களை வரலாறு பதிவு செய்யவில்லை.

இந்த இழப்புக்குப் பின்னர் டாரத்தியின் மனநலம் குலைந்தது. 1795 முதல், கணவர் மீது ஆதாரமற்ற ஐயங்களும் கட்டுப்படுத்த இயலாத சினமும் அவரை ஆட்கொண்டன. மனநோய்க்கு உரிய மருத்துவம் எதுவும் இல்லாத காலம் அது. சில வேளைகளில் அவரை அறைக்குள் பூட்டிவைக்க நேர்ந்தது. அடுத்த அறையில் மனைவி துன்புற்றுக் கூச்சலிட, இந்த அறையில் பண்டிதர்களோடு அமர்ந்து கேரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்ததை உடனிருந்தோர் பதிவு செய்துள்ளனர். பன்னிரண்டு ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. 1807 டிசம்பரில் டாரத்தி காலமானார்.

கேரியின் புகழுக்கு டாரத்தி கொடுத்த விலையைப் பழைய வாழ்க்கை வரலாற்று நூல்கள் பல பேசாமல் கடந்தன. சில நூல்கள் அவரைக் கணவரின் பணிக்கு இடையூறாகவே சித்திரித்தன. விரும்பாத பயணத்துக்கு இசைந்து, அறியாத நாட்டில் பிள்ளையைப் பறிகொடுத்து, மீளா நோயில் வீழ்ந்த அப்பெண்ணின் துயரை அண்மைக்கால ஆய்வாளர்களே பரிவோடு நோக்கத் தொடங்கினர். கேரி அடைக்காமலே விட்ட கடன்களில் மிகப் பெரியது இதுவே.

ஒரே கூரை, ஒரே பந்தி

1799 அக்டோபரில் ஜோஷுவா மார்ஷ்மன், அவருடைய மனைவி ஹன்னா, அச்சுத் தொழில் அறிந்த வில்லியம் வார்டு உள்ளிட்ட குழுவினர் வங்கம் வந்தனர். கம்பெனியின் ஆட்சிப் பகுதியில் மதப்பணியாளர்கள் தங்க அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் செராம்பூர், நம் தரங்கம்பாடியைப் போலவே, அப்போது டென்மார்க்கின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. அதன் ஆளுநர் ஓலே பீ அவர்களுக்குப் புகலிடம் அளித்து, கம்பெனி கொடுத்த நெருக்கடிக்குப் பணிய மறுத்தார். 1800 ஜனவரி 10 அன்று கேரியும் தம் குடும்பத்தோடு செராம்பூரில் குடியேறினார்.

ஆற்றங்கரையில் வாங்கிய பெரிய வீட்டில் எல்லாக் குடும்பங்களும் ஒன்றாக வாழ்ந்தன. உணவு ஒரே பந்தியில். எவரும் தனக்கெனப் பணம் சேர்ப்பதில்லை என்பது விதி. அச்சகம், பள்ளி, கேரியின் ஊதியம் ஆகியவற்றிலிருந்து வந்த வருவாய் முழுவதும் பொது நிதியில் சேர்ந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சிறு தொகை மட்டும் செலவுக்கு அளிக்கப்பட்டது. சனிக்கிழமை மாலைதோறும் கூடி, அந்த வாரத்தில் ஏற்பட்ட மனத்தாங்கல்களைப் பேசித் தீர்த்துக்கொண்டனர்.

கேரியின் மகன்கள் அப்போது கவனிப்பாரின்றி வளர்ந்துகொண்டிருந்தனர். தாய் நோயுற்றிருந்தார், தந்தை வேலையில் மூழ்கியிருந்தார். அச்சிறுவர்களை அரவணைத்து நெறிப்படுத்தியவர் ஹன்னா மார்ஷ்மன். கூட்டுக் குடும்பத்தின் சமையல், கணக்கு, உறைவிடப் பள்ளி, பெண் கல்வி என ஓயாது உழைத்த ஹன்னா நடத்திய பள்ளியின் வருவாயே மதப்பணியின் முதுகெலும்பாக இருந்தது. அவரும் மார்ஷ்மனும் வார்டும் இல்லையெனில் கேரியின் சாதனைகளில் பாதி நிகழ்ந்திராது.

1801-இல் கொல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்கமொழி ஆசிரியராகக் கேரி நியமிக்கப்பட்டார். மாத ஊதியம் 500 ரூபாய். பின்னர் அது இரு மடங்கானது. அப்பணத்தையும் பொது நிதியிலேயே சேர்த்தார். கல்லூரிக்கும் ஆளுநர் மாளிகைக்கும் தகுந்த உடையில் செல்வதற்காக ஒரு சிறு தொகை மட்டும் அவருக்குக் கூடுதலாக ஒதுக்கப்பட்டது. ஆளுநர் மாளிகை விருந்தொன்றில், முன்பு இவர் காலணி செய்பவர்தானே என்று அதிகாரி ஒருவர் ஏளனமாக விசாரித்தாராம். காலணி செய்பவர்கூட அல்ல, பழுது பார்ப்பவர் மட்டுமே என்று கேரியே அமைதியாகத் திருத்தியதாகச் சொல்லப்படுகிறது.

கேரியின் ஒரு நாள்

1806-இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் தம் ஒருநாள் அலுவல்களைக் கேரி வரிசைப்படுத்தியுள்ளார். காலை ஆறு மணிக்கு முன்பே எழுந்து எபிரேய வேதாகமத்தில் ஓர் அதிகாரம் படித்தார். ஏழு மணிக்குப் பணியாளர்களோடு வங்கமொழியில் வழிபாடு. தேநீர் தயாராகும் நேரத்தில் முன்ஷியுடன் பாரசீகம். பின்னர் பண்டிதருடன் அமர்ந்து சமஸ்கிருத ராமாயணத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கும் பணி. பத்து மணி முதல் பிற்பகல் வரை கல்லூரி. திரும்பியதும் அச்சுப்படிகளைத் திருத்துதல். மாலையில் தெலுங்குப் பண்டிதரிடம் பாடம். இரவு ஆங்கிலத்தில் பிரசங்கம். அதன் பின்னரும் மொழிபெயர்ப்பும் கடிதங்களும். உறங்கும் முன் கிரேக்க வேதாகமத்தில் ஓர் அதிகாரம்.

அந்த நாளின் ஒவ்வொரு மணி நேரத்திலும் அவரருகே ஓர் இந்திய அறிஞர் அமர்ந்திருந்தார். வங்க உரைநடையின் முன்னோடிகளான ராம்ராம் பாசுவும் மிருத்யுஞ்சய் வித்யாலங்காரும் அவருக்குத் துணைநின்றனர். அச்சு எழுத்துகளை வார்த்தவர் பஞ்சானன் கர்மாகர். அவருக்குப் பின் அவர் மருமகன் மனோகர். 1801-இல் வெளியான வங்கமொழிப் புதிய ஏற்பாடும், தொடர்ந்து பல மொழிகளில் வந்த பெயர்ப்புகளும் இவர்களின் கூட்டு உழைப்பின் விளைவு. அவற்றுள் சிலவற்றின் தரம் குறித்துப் பின்வந்த அறிஞர்கள் குறை கூறியதுண்டு. மதமாற்றப் பணி குறித்த விமர்சனங்களும் அன்றே எழுந்தன.

அன்றாட வாழ்வைக் கேரி எவ்வளவு கூர்ந்து கவனித்தார் என்பதற்கு 1801-இல் வெளியான கதோபகதன் என்னும் உரையாடல் நூல் சான்று. கூலியாட்களின் பேச்சு, பெண்களின் வாய்ச்சண்டை, கடன் கேட்போரின் நயமொழி எனத் தெருவில் ஒலித்த வங்கமொழி அதில் இடம்பெற்றது. ஏட்டு நடையை மட்டும் போற்றிய காலத்தில் அது புதுமை.

சாம்பலில் கிடைத்தவை

1812 மார்ச் 11 மாலை, செராம்பூர் அச்சகத்தில் தீப்பற்றியது. கேரி அப்போது கொல்கத்தாவில் இருந்தார். காகிதக் கட்டுகள், பல மொழிகளின் அச்சு எழுத்துகள், இலக்கண நூல்களின் கையெழுத்துப் படிகள், ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தொகுத்த பன்மொழி அகராதி ஆகியவை எரிந்து சாம்பலாயின. எனினும் எழுத்து வார்ப்பதற்கான எஃகு அச்சுகள் இடிபாடுகளுக்கிடையே சேதமின்றிக் கிடைத்தன. அச்சு இயந்திரங்களும் தப்பின. உருகிக் கிடந்த ஈயத்தைச் சேகரித்து, தொழிலாளர்கள் இரவு பகலாக எழுத்துகளை மீண்டும் வார்த்தனர். செய்தி இங்கிலாந்தை அடைந்ததும், ஏறத்தாழ இரண்டு மாதங்களில் இழப்பு முழுவதையும் ஈடுகட்டும் தொகை திரண்டது.

கேரியும் தம் பங்குக்குக் கடன்களை அடைத்துக்கொண்டே இருந்தார். இங்கிலாந்தில் பக்கவாதத்தால் பல்லாண்டுகள் படுக்கையிலேயே கிடந்த தங்கை மேரிக்குத் தம் சிறு பங்கிலிருந்து தொடர்ந்து பணம் அனுப்பினார். அசைக்க முடிந்த ஒரே கையால் மேரி அண்ணனுக்குக் கடிதங்கள் எழுதினார். இருவரும் மீண்டும் சந்திக்கவே இல்லை.

உடன்கட்டை ஏறும் கொடுமையை 1799-இல் ஆற்றங்கரையொன்றில் நேரில் கண்டு, தடுக்க முயன்று தோற்றவர் கேரி. அவ்வழக்கத்தைத் தடைசெய்யும் ஆணை 1829 டிசம்பரில் பிறந்தது. அதை வங்கமொழியில் பெயர்க்குமாறு அரசின் ஆவணம் அவரிடம் வந்து சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு மணி நேரத் தாமதமும் ஒரு பெண்ணின் உயிரைப் பறிக்கலாம் என்று கருதிய அவர், பிரசங்கப் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பண்டிதருடன் அமர்ந்து அன்று மாலைக்குள் பணியை முடித்தார்.

தோட்டமும் இறுதி நாள்களும்

செராம்பூரில் கேரி வளர்த்த தோட்டம் ஏறத்தாழ ஐந்து ஏக்கர் பரப்புடையது. 1820-இல் இந்திய வேளாண், தோட்டக்கலைச் சங்கம் தோன்றக் காரணமாக இருந்ததும் அவரே. ஒருமுறை இங்கிலாந்திலிருந்து வந்த விதைப் பையைத் தோட்டத்தின் நிழலான மூலையில் உதறினார். சில நாள்களில், பையில் ஒட்டியிருந்த மண்ணிலிருந்து டெய்சி என்னும் சிறு ஆங்கிலப் பூச்செடி முளைத்தது. சிறு வயதில் வயல்வெளிகளில் கண்ட அப்பூவைப் பல்லாண்டுகளுக்குப் பின் பார்த்த மகிழ்ச்சியைக் கடிதத்தில் எழுதிய அவர், ஆண்டுதோறும் விதை எடுத்து அதனைக் காப்பாற்றி வந்தார்.

பிற்காலம் எளிதாக இருக்கவில்லை. டாரத்தியின் மறைவுக்குப் பின் அவர் மணந்த சார்லட் 1821-இல் காலமானார். மகன் ஃபீலிக்ஸ் 1822-இலும், நண்பர் வார்டு 1823-இலும் இறந்தனர். சொத்துகளை யார் நிர்வகிப்பது என்னும் பூசலில், தாம் உருவாக்கிய சங்கத்திலிருந்தே 1827-இல் செராம்பூர் குழு பிரிய நேர்ந்தது. 1830 தொடங்கிக் கொல்கத்தாவின் பெரு வணிக நிறுவனங்கள் வீழ்ந்தபோது, மதப்பணியின் நிதியும் கரைந்தது.

நடக்க இயலாத நிலை வந்ததும், சக்கர நாற்காலியில் அவரைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றனர். அதற்கும் உடல் இடந்தராதபோது, தலைமைத் தோட்டக்காரர் நாள்தோறும் அறைக்கு வந்து செடிகளின் நிலையைச் சொல்லிச் சென்றார். தாம் போனபின் மார்ஷ்மன் தோட்டத்தில் மாடுகளை மேயவிட்டுவிடுவாரோ என்று அவர் கவலைப்பட்டதுண்டு.

இறந்தபோது அவர் விட்டுச்சென்ற உடைமைகள் சொற்பம். செராம்பூர் சொத்துகள் எதிலும் தமக்கு உரிமையில்லை என்று உயிலில் குறிப்பிட்டார். மகன் ஜேபசுக்குத் தர வேண்டிய பங்கைத் தம் நூல்களை விற்று வழங்குமாறு எழுதினார். கல்லறையில் பெயரும் நாள்களும் ஒரு பாடலின் இரு அடிகளும் தவிரப் புகழுரை எதுவும் கூடாதென்றும் அறிவுறுத்தினார்.

1818-இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய செராம்பூர் கல்லூரி இன்றும் இயங்குகிறது. மதுரையிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி உட்பட நாடெங்கிலும் உள்ள இறையியல் கல்லூரிகளின் மாணவர்கள் அதன் பட்டங்களைப் பெறுகின்றனர். கேரி இந்தியாவுக்கு வந்த 200-ஆவது ஆண்டான 1993-இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

கேரியை நாடு நன்றியோடு நினைவுகூர்கிறது. அந்த நினைவில், மாணிக்தலாவில் கதவு திறந்த நீலு தத்தாவுக்கும், முத்னாபாட்டியில் ஒரு வேற்றுநாட்டுக் குழந்தைக்குக் குழி தோண்டிய நால்வருக்கும், தாயற்றவர்போல் வளர்ந்த பிள்ளைகளைத் தேற்றிய ஹன்னாவுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பூட்டிய அறைக்குள் வாழ்நாளைக் கழித்த டாரத்திக்கும் உரிய பங்கு உண்டு.